முஸ்ஹஃபில் நிறங்கள்: செம்புள்ளி முதல் கைப்பேசித் திரை வரை

நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பற்றிப் பேசும் ஹூத் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் ‘மஜ்ரேஹா’ என்றொரு சொல் வருகிறது. இமாம் ஹஃப்ஸ் (ரஹ்) வழி ஓதுதலில் ‘இமாலா’ எனப்படும் சாய்த்தொலிப்பு நிகழும் ஒரே இடம் அதுவே. 1924இல் (ஹி. 1342) கெய்ரோவில் அச்சான முஸ்ஹஃபிலும் அதனை அடியொற்றிய பல பதிப்புகளிலும் அச்சொல்லின் ‘ரா’ எழுத்துக்குக் கீழே, நடுவில் வெற்றிடம் கொண்ட சிறிய சாய்சதுரம் ஒன்று காணப்படும். ஓதத் தெரிந்தோர் அதனைக் கண்டதும் ஒலியைச் சாய்த்துக் கடந்து செல்வர். அது எங்கிருந்து வந்தது என வினவுவோர் குறைவு. விடையோ அப்பதிப்பின் இறுதிப் பக்கங்களிலுள்ள விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. முற்காலத்தில் புள்ளியிடுவோர் அவ்விடத்தில் சிவப்பு வட்டப்புள்ளி இட்டு வந்தனர் என்றும், அச்சகங்களில் அது கடினமானபோது சாய்சதுரத்துக்கு மாறினர் என்றும் அக்குறிப்பு தெரிவிக்கிறது. மூல எழுத்துருவில் இடம்பெறாமல் ஓதுதலில் மட்டும் ஒலிக்கும் அலிஃப், வாவ், யா ஆகியவற்றையும் முன்னோர் செந்நிறத்தில் முழு அளவில் எழுதினர். அதுவும் அச்சில் எளிதாக அமையாமையால் அவ்வெழுத்துகளைச் சிறிதாக்கிக் கறுப்பிலேயே பொறிப்பதோடு நிறுத்திக் கொண்டனர்.

ஓர் ஊடகத்தில் உள்ள நிறத்தை மற்றோர் ஊடகத்தில் அவ்வாறே தோன்றச் செய்வது எப்படி என்பது, அச்சுத்துறையும் கணினித்துறையும் இன்றுவரை மல்லாடும் வினா. விளம்பரப் படத்தில் சட்டையின் சிவப்பு சற்றுப் பிசகினால் வணிகருக்கு நட்டம்; அவ்வளவே. முஸ்ஹஃபின் நிலை வேறு. அங்கே நிறம் ஒலியைக் குறித்தது. ஒலி பொருளைக் காத்தது. ஆகவே இவ்வினாவை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அறிவது, கைப்பேசியில் வண்ண முஸ்ஹஃபை விரித்து ஓதும் இக்காலத் தலைமுறைக்கு வெறும் பழங்கதை ஆகாது.

தொடக்ககாலப் பிரதிகளில் உயிர்க்குறிகள் இல்லை. ஒத்த வடிவுடைய எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகளும் பெரும்பாலும் இடப்படவில்லை. மனனமே ஓதுதலின் ஆதாரமாக இருந்தது. ஏடு நினைவூட்டும் துணையாக விளங்கிற்று. அரபு அல்லாதார் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவியபோது நிலைமை மாறியது. பஸ்ராவைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (இறப்பு ஹி. 69 / கி.பி. 688) ஒருவர் தவ்பா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தைப் பிழையாக ஓதக் கேட்டார் என்று மரபுச் செய்திகள் கூறுகின்றன. இணைவைப்போரிடமிருந்து இறைவனும் அவன் தூதரும் விலகியவர்கள் என்பது வசனத்தின் பொருள். ஒரே ஓர் உயிரொலி மாறியதால், இறைவன் தன் தூதரிடமிருந்தே விலகிக் கொண்டதாகப் பொருள் திரிந்துவிட்டது. முன்னர் ஆளுநர் ஸியாத் வேண்டியபோது தயங்கிய அறிஞர், இதனைக் கேட்ட பின்னர் பணியை ஏற்றார். அப்துல் கைஸ் குலத்தைச் சேர்ந்த எழுத்தர் ஒருவரை அமர்த்தி, எழுத்து மையின் நிறத்துக்கு மாறான ஒரு சாயத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தம் உதடு திறந்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி, குவிந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி, தாழ்ந்தால் கீழே ஒரு புள்ளி. ‘தன்வீன்’ ஒலித்தால் இரண்டு புள்ளிகள். நம் மக்தபுகளில் ஜபர், பேஷ், ஜேர் என வழங்கும் குறிகளின் மூதாதைகள் இவையே. இப்பணியின் முன்னோடியாக நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகியோரைச் சுட்டும் செய்திகளும் உண்டு.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது, ‘மாறான நிறம்’ என்ற நிபந்தனையாகும். இறைமறையின் எழுத்துரு நபித்தோழர்கள் வழி வந்தது; அதில் கூட்டவும் குறைக்கவும் இயலாது. புள்ளியோ பின்னோர் இட்ட துணைக்குறி. இரண்டும் ஒரே மையில் அமைந்தால் எது மூலம், எது சேர்க்கை என்ற வேறுபாடு மறைந்துவிடும். எனவே நிறம் இரண்டு பணிகளை ஒருங்கே ஆற்றியது: ஒலியைக் காட்டியது, தான் மூலத்தின் பகுதியன்று என்றும் அறிவித்தது.

பிற்காலத்தில் நிறங்கள் பெருகின. ஊருக்கு ஊர் வழக்கும் வேறுபட்டது. இவ்வழக்குகளை முறையாகத் தொகுத்தவர் அந்தலூஸின் தானிய்யா நகரத்து இமாம் அபூ அம்ர் அத்தானீ (இறப்பு ஹி. 444 / கி.பி. 1053). முஸ்ஹஃபில் புள்ளியிடும் கலைக்கென்றே அவர் ‘அல்முஹ்கம்’ என்னும் நூலை யாத்தார். மதீனாவாசிகள் உயிர்க்குறிகளுக்குச் சிவப்பையும் ஹம்ஸாவுக்கு மஞ்சளையும் கையாண்டனர். இராக்கியர் எல்லாவற்றுக்கும் சிவப்பையே பயன்படுத்தினர். அதனைக் கொண்டே அவர்தம் பிரதிகள் அடையாளம் காணப்பட்டன. அந்தலூஸியரோ சிவப்பு, மஞ்சள் ஆகியவற்றோடு, தொடக்க அலிஃபின் ஒலிப்பைக் காட்டப் பச்சையையும் சேர்த்தனர். மக்ரிபுப் பிரதிகளில் ஷத்து, சுகூன் ஆகிய குறிகளுக்கு நீலத்தைக் காணலாம். ஒரு மஞ்சள் புள்ளி மதீனாவில் ஹம்ஸா. இராக்கியப் பிரதியில் அதற்கு இடமே இல்லை. ஆகவே பிரதி எவ்வூரின் மரபைச் சார்ந்தது என்ற அறிவின்றி நிறத்தை மட்டும் பார்த்து ஓத முற்படுவது ஆபத்தானது. அத்தானீயின் நூல் இவ்வறிவை ஏடுகளுக்கு வெளியே ஒரு திறவுகோலாகப் பதிந்து வைத்தது.

அவர் இரண்டு செயல்களை ஏற்கவில்லை. புள்ளிகளைக் கறுப்பு மையில் இடுவது ஒன்று. அது மூல எழுத்துருவை மாற்றியது போலாகும் என்பது அவர் கருத்து. பல்வேறு ஓதுதல் முறைகளைப் பல நிறங்களால் ஒரே முஸ்ஹஃபில் குறிப்பது மற்றொன்று. அதனைப் பெருங்குழப்பமாகக் கண்டார். ஆயினும் எஞ்சியிருக்கும் பழம்பிரதிகள் சிலவற்றில் சிவப்புப் புள்ளியருகே பச்சை, நீலப் புள்ளிகள் மாற்று ஓதுதலைச் சுட்டி நிற்கின்றன. யாசீன் டட்டன் 1999, 2000 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இப்புள்ளிகளை நுணுகி ஆராய்கிறது. அறிஞர் தடுத்ததை எழுத்தர் செய்திருக்கிறார். வரலாற்றில் இது புதிதன்று.

இனி, நிறம் ஏன் ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறாகவும் தோன்றுகிறது? இதற்கு விடை தேடியவர்களுள் தலையாயவர் இப்னு ஹைஸம் (965 – சுமார் 1040). தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அவர் இதனைச் சோதனை வழி அணுகினார். ஆழ்ந்த நீலமும் செங்கருமையும் கொண்ட பொருள்கள் மங்கிய இடத்தில் கருமையாகவே தெரிகின்றன. அவற்றையே வலிய ஒளியில் வைத்தால் நிறம் துலங்குகிறது. பசுஞ்செடியின் மீது பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் அருகிலுள்ள வெண்சுவரையும் பசுமையாக்குகிறது. பல நிறக் கோடுகள் தீட்டிய பம்பரத்தை விரைந்து சுழற்றினால், அக்கோடுகள் கலந்து ஒரே நிறமாகப் புலப்படுகின்றன. இவற்றால் தெளிவாவது யாதெனில், நாம் காணும் நிறம் பொருளை மட்டும் சார்ந்ததன்று. விழும் ஒளியையும் காணும் கண்ணையும் சார்ந்தது. வண்ண அச்சின் தொல்லைகள் அனைத்தும் இம்மூன்றில் ஏதோ ஒன்று மாறுவதால் விளைபவையே.

நிறங்களை ஒழுங்குபடுத்தும் முயற்சியும் அக்காலத்திலேயே தோன்றியது. வெண்மையிலிருந்து கருமைக்குச் செல்லும் வழி ஒன்றே என்பது பண்டைய கருத்து. இப்னு ஸீனா (980–1037) மூன்று வழிகளைக் காட்டினார். நஸீருத்தீன் தூஸீ (1201–1274) மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என ஐந்து வழிகளைப் பிரித்து, அவ்வவற்றின் படிநிலைகளைப் பெயரிட்டு வரிசைப்படுத்தினார். இக்கருத்து கமாலுத்தீன் ஃபாரிஸீயின் ‘தன்கீஹுல் மனாழிர்’ என்னும் உரைநூலின் வாயிலாகப் பல நூற்றாண்டுகள் படியெடுக்கப்பட்டு வந்தது. நிறத்துக்கு முகவரி கொடுக்கும் முயற்சியாக இதனைக் கருதலாம். ஆனால் அம்முகவரியில் எண் இல்லை. எலுமிச்சை, குருதி, பிஸ்தா, அவுரி போன்ற பெயர்களே இருந்தன. ஒருவர் கண்ட குருதிச் சிவப்பு மற்றவர் கண்டதுதானா என உறுதிசெய்ய வழியில்லை.

எழுத்தர்களுக்கு இருந்த வழி, செய்முறையை எழுதி வைப்பதே. வடஆப்பிரிக்காவை ஆண்ட ஸீரீ மன்னர் முஇஸ்ஸு இப்னு பாதீஸின் (11ஆம் நூற்றாண்டு) பெயரால் வழங்கும் ‘உம்ததுல் குத்தாப்’ என்னும் நூல், மைகளையும் வண்ணங்களையும் ஆக்கும் முறைகளை விரிவாகக் கூறுகிறது. செம்மைக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பசுமைக்குச் செம்பின் களிம்பு, நீலத்துக்கு அவுரி என்று பொருள்களைக் கொண்டே நிறத்தை நிலைநிறுத்த முயன்றனர். எனினும் செம்புக் களிம்பு நாளடைவில் தாளையே அரித்துவிடும். எழுதிய அன்று பச்சையாக இருந்தது பல தலைமுறைகளுக்குப் பின் பழுப்பாகவும் காணப்படலாம். தொலைவு மட்டுமன்றிக் காலமும் நிறத்தை மாற்றும் ஊடகம் என்பதை ஏடுகள் நமக்குக் காட்டுகின்றன.

இதற்கிடையே, நிறத்தின் துணையின்றியே நிற்கவல்ல குறிமுறை ஒன்று உருவாகியிருந்தது. பஸ்ராவின் மொழியறிஞர் கலீல் இப்னு அஹ்மத் (இறப்பு சுமார் கி.பி. 786) புள்ளிக்கு மாற்றாக வடிவங்களை வகுத்தார். படுத்த சிற்றலிஃப் ஜபராயிற்று. சிறிய வாவ் பேஷாயிற்று. ஷீனின் தலை ஷத்தாயிற்று. ஐனின் தலை ஹம்ஸாவாயிற்று. ஒரே மையில் எழுதினும் இவை ஒன்றோடொன்று மயங்கா. கவிதை நூல்களில் முதலில் பரவிய இம்முறையை முஸ்ஹஃபில் சேர்க்க அறிஞர் பலர் தயங்கினர். அத்தானீயும் முன்னோரின் வட்டப்புள்ளிகளையே விரும்பினார். கீழைப் பகுதிகளில் வடிவக்குறிகள் படிப்படியாக வென்றன. மக்ரிபில் வண்ணக்குறிகள் நெடுங்காலம் நீடித்தன. கலீலின் முறை இல்லாதிருந்தால் பின்னாளில் அச்சு எந்திரத்தின் முன் முஸ்ஹஃபின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் அச்சு எந்திரம் ஒரு தடவைக்கு ஒரு நிறத்தையே அறியும். இரண்டாம் நிறம் வேண்டுமானால் அதே தாளை மற்றொரு முறை ஓட்ட வேண்டும். இரண்டு ஓட்டங்களும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். அச்சகத்தார் இதனை ‘ரெஜிஸ்டர்’ என்பர். ஈரத்தில் தாள் நீளும், காய்ந்தால் சுருங்கும். விளம்பரத் தாளில் அரை மில்லிமீட்டர் விலகினால் யாரும் கவனியார். முஸ்ஹஃபிலோ, ஓர் எழுத்துக்குரிய புள்ளி அடுத்த எழுத்தின் மேல் போய் அமர்ந்துவிடும்! வெனிஸில் 1537–38 அளவில் பகனீனி அச்சிட்ட குர்ஆன், 1787இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முல்லா உஸ்மான் இஸ்மாயீலின் மேற்பார்வையில் வந்த பதிப்பு, 1803 முதல் கஸானில் வந்த பதிப்புகள் என்று அச்சின் வரலாறு பெரும்பாலும் கறுப்பு மையின் வரலாறாகவே அமைந்தது. இந்தியாவின் கல்லச்சுப் பிரதிகளும் அவ்வாறே. கெய்ரோ அறிஞர் குழு செம்புள்ளியைச் சாய்சதுரமாக்கியது இந்நெருக்கடியில்தான். இன்றைய கணினித் துறையில், ஒரு கருவியால் காட்ட இயலாத நிறத்தை அதனால் இயன்ற ஒன்றாக மாற்றித் தருவது தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. கெய்ரோ அறிஞர்கள் இயலாத நிறத்துக்கு ஈடாக அருகிலுள்ள மற்றொரு நிறத்தைத் தேடவில்லை, வடிவத்தைத் தந்தனர். அதனையும் கமுக்கமாகச் செய்யாமல், மாற்றத்தை விளக்கிக் குறிப்பெழுதி வைத்தனர். பதிப்பாசிரியருக்குரிய நேர்மை அது.

அச்சு நிறத்தை விலக்கியது என்றால், புகைப்படம் அதனை உருமாற்றிக் காட்டியது. ஜெர்மானிய அறிஞர் பெர்க்ஷ்டிராசர் (இறப்பு 1933), அவருக்குப்பின் பிரெட்ஸல் (இறப்பு 1941) ஆகியோர் உலகின் பல நூலகங்களில் பழம்பிரதிகளைப் படமெடுத்துச் சேர்த்தனர். சுமார் 450 படச்சுருள்கள் மியூனிக்கில் இருந்தன. 1944ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் அவை அழிந்தன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில் ஷ்பிடாலர் என்னும் அறிஞரிடம் அவை பத்திரமாக இருந்தன. 2007இல் தொடங்கிய ‘கார்ப்பஸ் கொரானிகம்’ ஆய்வுத் திட்டத்துக்கு அவை பயன்பட்டன. அச்சுருள்களின் அருமையை மறுக்க இயலாது. ஆனால் அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும் அவற்றில் சாம்பலின் சாயல்களே. எப்புள்ளி எந்நிறம் என்பதற்கு மூல ஏட்டையே நாட வேண்டியிருந்தது.

இது தொடர்பில் சுவையான செய்தி ஒன்று. 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி, ஒரு வண்ண நாடாவின் நிறங்களை மீட்டுக் காட்டினார். வண்ணப் புகைப்படத்தின் தொடக்கம் அது. பின்னர்தான் ஓர் ஐயம் எழுந்தது: அன்றைய படத்தகடு சிவப்பொளியை உணரவே உணராதே! ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1961இல் புதிர் அவிழ்ந்தது. நாடாவின் சிவப்புப் பகுதி கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளியையும் எதிரொளித்தது; சிவப்பு வடிகட்டி அதனையும் உள்ளே விட்டது; தகடு பதிந்தது அந்தப் புறஊதாவையே. கொள்கை சரி, சோதனை வென்றது தற்செயலாக.

தூஸீயின் நிறமுகவரிக்கு எண் கிடைத்தது 1931இல். ரைட் என்பார் 10 பேரையும், கில்டு என்பார் 7 பேரையும் அமர்த்தி, மூன்று அடிப்படை ஒளிகளைக் கலந்து ஒவ்வொரு நிறத்துக்கும் பொருந்தச் செய்யுமாறு கேட்டனர். அந்தப் 17 கண்களின் சராசரியே சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் அவ்வாண்டில் ஏற்ற ‘நியமக் காண்போர்’. உலகெங்கும் நிறத்தை அளக்கும் கருவிகள் பல, இன்றளவும் அச்சராசரியையே ஆதாரமாகக் கொள்கின்றன. இப்னு ஹைஸம் பிரித்துக் காட்டிய மூன்றில் கண்ணை இவ்வாறு எண்ணாக்கினர். ஒளியையும் தனியே வரையறுத்து நியமித்தனர்.

எனினும் கருவிகள் தத்தம் மொழியிலேயே பேசின. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் வெண்தாளின் ஒளியைக் கழித்துக் காட்டுகிறது. ‘சிவப்பு 200’ என்ற ஒரே எண்ணை இரண்டு திரைகளுக்குக் கொடுத்தால் இரண்டு சிவப்புகள் வரும். 1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச வண்ணக் கூட்டமைப்பை அமைத்தன. அது வகுத்த முறை எளிது. ஒவ்வொரு கருவியையும் அளந்து, அதன் எந்த எண் மனிதக் கண்ணுக்கு எந்த நிறமாகப் படுகிறது என்னும் அட்டவணை ஒன்றை உருவாக்குவர். அதன் பெயர் ‘புரொஃபைல்’. படத்தோடு அவ்வட்டவணையும் பயணம் செய்யும். வாங்கும் கருவி, அனுப்பிய கருவியின் எண்ணை 1931இன் பொதுமொழிக்கு மாற்றி, அங்கிருந்து தன் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும். அத்தானீ ஊர்வாரியாக எழுதி வைத்த திறவுகோலுக்கும் இதற்கும் உறவு தெரிகிறதல்லவா? மஞ்சள் புள்ளி என்ற அளவில் அது ஒன்றும் சொல்லாது. மதீனாவின் மஞ்சள் என்று தெரிந்தால்தான் ஹம்ஸா. 1996இல் முன்மொழியப்பட்ட ‘எஸ்ஆர்ஜிபி’ என்பது, அட்டவணை இல்லாத படத்துக்கு இதனையே கொள்க என்னும் பொது உடன்பாடாக நிலைபெற்றது.

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னும் முஸ்ஹஃப் விஷயத்தில் கவலை தீரவில்லை. 1990களில் டமாஸ்கஸின் ‘தாருல் மஃரிஃபா’ பதிப்பகம் தஜ்வீத் விதிகளை நிறத்தால் காட்டும் முஸ்ஹஃபை வெளியிட்டது. நீட்டொலிகளுக்குச் சிவப்பின் சாயல்கள், மூக்கொலிக்குப் பச்சை, ஒலிக்காத எழுத்துக்குச் சாம்பல், கல்கலாவுக்கு வெளிர்நீலம், ‘ரா’வின் வல்லொலிக்கு அடர்நீலம். ஓத்துக்கற்கும் சிறாருக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. உலகெங்கும் பரவியதற்குக் காரணமும் அதுவே. ஆனால் முன்னோர் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என ஒன்றோடொன்று குழம்பாத நிறங்களைக் கொண்டனர். இங்கோ ஒரே சிவப்பின் சாயல்கள் வெவ்வேறு விதிகள்: அடர்சிவப்பு என்றால் ஆறு மாத்திரை; குருதிச்சிவப்பு என்றால் நான்கு அல்லது ஐந்து; செம்மஞ்சள் சிவப்பு என்றால் இரண்டு, நான்கு, ஆறு ஆகியவற்றுள் ஒன்று. ஓதுதலின் அளவையே மையின் அடர்த்தி தாங்கி நிற்கிறது.

மக்தப் ஒன்றில் இரண்டு சிறுவர்கள் அருகருகே அமர்ந்து ஓதியதைக் கண்டேன். ஒருவன் கையில் முதற்பதிப்பு. மற்றவன் கையில் அதனைப் பார்த்துப் படியெடுத்த மலிவுப் பிரதி. இரண்டாவதில் குருதிச்சிவப்பும் அடர்சிவப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நான்கு மாத்திரைக்குரிய இடத்தில் அவன் ஆறு நீட்டினான். உஸ்தாத் இருவரையும் நிறத்தை விட்டுவிட்டு எழுத்தின் மேலிருந்த மத்துக் குறியையும் அடுத்துவரும் எழுத்தையும் பார்க்கச் சொன்னார். நம் நாட்டு எழுத்தமைப்பில் வரும் வண்ணப் பிரதிகளோ வேறு வேறு நிறத்திட்டங்களைப் பின்பற்றுகின்றன. ஒன்றில் பழகிய பிள்ளை மற்றொன்றை எடுத்தால், இராக்கியர் பிரதியை மதீனாவாசி எடுத்த கதைதான்.

கைப்பேசியில் நிலைமை இன்னும் நுட்பமானது. விரிந்த நிறவெல்லை கொண்ட திரைகள் கைப்பேசிகளிலும் வந்துவிட்டன. அட்டவணையைப் படிக்காத செயலியில் அத்தகைய திரை எல்லாச் சிவப்பையும் மிகைப்படுத்திக் காட்டும். இரவில் கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி நீல ஒளியைக் குறைக்கிறது. தஹஜ்ஜுத் நேரத்தில் அத்திரையில் ஓதுபவருக்குக் கல்கலாவின் வெளிர்நீலம் சாம்பலை நெருங்குகிறது. சாம்பலோ அம்முஸ்ஹஃபில் ஒலிக்காத எழுத்தின் நிறம்! படக்கோப்புகளைச் சுருக்கும் ‘ஜேபெக்’ முறையும், கண் நுண்ணிய நிறமாற்றத்தைக் கவனிக்காது என்ற அடிப்படையில் ஒளியின் விவரத்தைக் காத்து நிறத்தின் விவரத்தைப் பெரும்பாலும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இயற்கைக் காட்சிக்கு அதனால் கேடில்லை. கறுப்பெழுத்தின் அருகே நிற்கும் கடுகளவு செம்புள்ளியோ வெளிறிக் கரைந்துவிடும். இதற்கெல்லாம் மேலாக, ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர்வதில் குறை உண்டு. நியமக் காண்போரின் சராசரியில் அவர்களுக்கு இடமில்லை.

நீலக் குர்ஆன் என்று புகழ்பெற்ற ஏடுகளைப் பற்றியும் ஒரு சொல். அவுரி நீலம் ஊட்டிய தோலில் பொன்னெழுத்து. காலம் 9–10ஆம் நூற்றாண்டு என்பர். கைரவானா, குர்துபாவா, பக்தாதா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. அதன் தாள்கள் துனிசியாவிலும் நியூயார்க், பாஸ்டன், டப்ளின், தோஹா நகர்களின் அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. நூல்களிலும் இணையத்திலும் காணும் அவற்றின் படங்களில் ஒன்று நள்ளிரவுக் கருநீலம். மற்றொன்று மயில்கழுத்து நீலம். பொன்னுக்கோ திரையில் நிறமே இல்லை. ஏட்டைச் சற்றே சாய்த்தால் மின்னுவதும் மறைவதும் பொன்னின் இயல்பு; திரை அதனைப் பழுப்பு மஞ்சளாக்கிவிடுகிறது. இக்காரணத்தாலேயே ஏடுகளைப் படமெடுப்போர் பக்கத்தில் நிற அட்டை ஒன்றை வைத்து எடுக்கின்றனர். 1976இல் அறிமுகமான 24 கட்ட அட்டை இதற்குப் பெயர்போனது. ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் அளந்தறியப்பட்டது. படத்தில் அது எவ்வாறு விழுந்திருக்கிறது என்று பார்த்து ஏட்டின் நிறத்தையும் திருத்திக்கொள்ளலாம். படத்தைப் பகிரும் அன்பர்கள் முதலில் வெட்டியெறிவது அந்த அட்டையைத்தான்.

மதீனாவில் 1984இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து அச்சகம் பின்னாளில் வெளியிட்ட பதிப்புகளில், கெய்ரோக் குழுவின் அப்பழைய குறிப்பு சிறு சேர்க்கையோடு தொடர்கிறது. செந்நிறத்தில் பொறிப்பது அச்சகங்கள் தோன்றிய தொடக்கத்தில்தான் கடினமாக இருந்தது என்றும், இப்போது அது எளிதாகிவிட்டது என்றும், சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் குறியிட்டால் அதற்கு முன்னோரின் சரியான முன்மாதிரி உண்டு என்றும் அது ஒப்புக்கொள்கிறது. ஆயினும் முஸ்லிம்கள் கறுப்புக்குப் பழகிவிட்டனர் என்னும் ஒரே காரணத்தால், குறிகளைக் கறுப்பிலேயே விட்டுவைத்திருக்கிறது.